காட்ரிட்ஜுக்கு ஏத்த போனோ பிரீஆம்ப் எது? (விஎம்95இ, டிஎல்-103, பழைய செரமிக் எல்லாம் இதுக்குள்ள)

கல்லடிக்காத்து (மட்டக்களப்பு)

வணக்கம் எல்லாருக்கும். இசைத்தட்டு ஓட்டுற டைரக்ட் டிரைவ் டெக், ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ காட்ரிட்ஜ் (ஊசி பூட்டின தலை), தனி போனோ பிரீஆம்ப் (காட்ரிட்ஜ்ட மெல்லிய சிக்னலப் பெருப்பிக்கிற பெட்டி), அதுக்குப் பிறகு பழைய ஜப்பான் அம்ப். டெக்கில இருந்து பிரீஆம்புக்கு ஒன்றரை மீற்றர் ஆர்சிஏ வயர். பாட்டில "ச", "ஸ" வாற இடமெல்லாம் காதில குத்துது, வயலின் மேல போனாக் கீச்செண்டுது. ஊசி புதிசு. பாரம் 2 கிராம், தராசில வெச்சுப் பாத்தது. பிரீஆம்ப்தான் சரியில்ல, விலை கூடினதொண்டு எடுங்க எண்டு கடையில சொல்லுறாங்க. எடுக்கலாமா? இருக்கிற பெட்டியில 47 கிலோ ஓம்ஸ், 220 பிகோபாரட், 40 டெசிபல் எண்டு போட்டிருக்கு.

வாவிமீன் (மட்டக்களப்பு)

இன்னும் காசக் கொட்டாதீங்க தம்பி. நீங்க எழுதினதுக்குள்ளேயே பாதி விடை கிடக்கு: அந்த 220 பிகோபாரட், பிரீஆம்ப் வாசல்ட கப்பாசிட்டன்ஸ்.

மூவிங் மெக்னெட் காட்ரிட்ஜுக்குள்ள இருக்கிறது ஒரு கொயில். விஎம்95இ-ட கொயில் 550 மில்லிஹென்றி. வயரும் பிரீஆம்பிட வாசலும் சேந்து அதுக்குக் குறுக்க ஒரு கப்பாசிட்டரா நிக்கும். கொயிலும் கப்பாசிட்டரும் சேந்த இடத்தில ஒரு அதிர்வெண் தூக்கலா வரும், அதுக்கு மேல சடாரெண்டு விழும். கப்பாசிட்டன்ஸ் கூடக்கூட அந்தத் தூக்கல் கீழ இறங்கும். 17 ஆயிரம் ஹேர்ட்ஸில கிடந்தா ஆருக்கும் தொந்தரவில்ல. 10 ஆயிரத்துக்கு இறங்கினா "ஸ" வாற ஒவ்வொரு இடமும் கத்திதான்.

இந்தக் காட்ரிட்ஜுக்குக் கம்பனி சொல்லுற அளவு 100 தொடக்கம் 200 பிகோபாரட். அது பிரீஆம்புக்கு மட்டும் சொன்ன எண் இல்ல. ஆம் (காட்ரிட்ஜத் தாங்குற கை) குழாய்க்குள்ள போற மயிர் வயர், வெளிய வாற ஆர்சிஏ வயர், பிரீஆம்ப் வாசல் மூண்டையும் கூட்டித்தான் 200. உங்கட பிரீஆம்ப் தனியாவே 220. வயரக் கூட்டமுதலே வரம்பு தாண்டியாச்சு.

ஆனா ஒண்டு கேக்கணும். கீச்சு தட்டிட வெளி விளிம்பிலயே கேக்குதா, இல்லாட்டி நடுவுக்குக் கிட்ட வரவரத்தான் கூடுதா? நடுவில மட்டும் எண்டா காட்ரிட்ஜ் பூட்டின கோணம் பிழை, ஓவர்ஹாங் (ஊசி தட்டு நடு முனையத் தாண்டி நிக்கிற தூரம்) பிழை. அதுக்குப் பிகோபாரட்டில கை வெச்சுப் பிரயோசனமில்ல.

கல்லடிக்காத்து

தட்டு முழுக்க ஒரே மாதிரித்தான் அண்ணே. முதல் பாட்டிலயும் குத்துது, கடைசிப் பாட்டிலயும் குத்துது. வயர்ட அளவ எப்பிடிக் கண்டுபிடிக்கிற? வயர்ல ஒண்டும் எழுதியில்ல.

சூட்டுக்கோல் (கல்முனை)

அளக்கிறது லேசு. கப்பாசிட்டன்ஸ் அளக்கிற மீட்டர் வேணும், பிகோபாரட் காட்டுற சின்ன ரேஞ்ச் உள்ளதா இருக்கணும்.

டெக்கக் கரண்டில இருந்து கழட்டுங்க, ஆர்சிஏ பிளக் ரெண்டையும் பிரீஆம்பில இருந்து இழுங்க. ஹெட்ஷெல்ல (ஆம் நுனியில காட்ரிட்ஜ் பூட்டுற துண்டு) காட்ரிட்ஜோட கழட்டி அங்கால வைங்க. காட்ரிட்ஜ் பூட்டினபடி அளந்தா கொயிலும் சேந்து மீட்டர் கண்டபடி காட்டும். மீட்டர்ட ரெண்டு முனையையும் ஒண்டிலயும் முட்டாமப் பிடிச்சு வெறும் வாசிப்பக் குறிச்சு வைங்க, அஞ்சோ பத்தோ இருக்கும். பிறகு ஒரு முனை ஆர்சிஏ நடு ஊசியில, மற்றது வெளி வளையத்தில. வாற எண்ணில வெறும் வாசிப்பக் கழிச்சா ஆம் வயரும் கேபிளும் சேந்த அளவு. இடம் வலம் ரெண்டும் பாருங்க. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தில பாதிதான் காட்டுதெண்டா அந்த வயர் இடையில எங்கயோ அறுந்திருக்கு.

பிரீஆம்ப் வாசல இந்த மீட்டரால அளக்காதீங்க. 47 கிலோ ஓம்ஸ் குறுக்க கிடக்கிறதால எண் பிழைக்கும். மூடியத் திறந்து கப்பாசிட்டரப் படிங்க. 221 எண்டு எழுதியிருந்தா 220 பிகோபாரட். 101 எண்டா 100. 220 எண்டு எழுதியிருந்தா அது 22தான், கனபேர் இதிலதான் விழுறாங்க.

கல்லடிக்காத்து

ரெண்டு பக்கமும் கழிச்சுப் பாத்தா 250 வருது. பிரீஆம்புக்குள்ள 221 எண்டுதான் இருக்கு.

வாவிமீன்

அப்ப மொத்தம் 470. கம்பனி சொன்ன உச்ச அளவ விட ரெண்டு மடங்குக்கும் மேல.

550 மில்லிஹென்றியும் 470 பிகோபாரட்டும் எண்டா ஒத்ததிர்வு 9,900 ஹேர்ட்ஸில வந்து நிக்கும். 47 கிலோ ஓம்ஸ் லோடில (பிரீஆம்ப் வாசல்ல குறுக்க நிக்கிற தடை) தூக்கல் ஏறக்குறைய 3 டெசிபல். காட்ரிட்ஜ்ட உள் இழப்பையும் சேத்தா நிசத்தில கொஞ்சம் குறையும், ஆனா குத்துறதுக்கு அது போதும். அதே காட்ரிட்ஜுக்கு மொத்தம் 200 எண்டா 15 ஆயிரத்துக்குப் போயிரும், தூக்கல் 1 டெசிபலுக்கும் கீழ. 150 எண்டா 17,500.

விலை கூடின பிரீஆம்ப் வாங்கி அதிலயும் 220 இருந்தா இதே கீச்சுத்தான் கேக்கும், கொஞ்சம் தெளிவாக் கேக்கும்.

சூட்டுக்கோல்

செய்யவேண்டியது ரெண்டு, ரெண்டும் சேத்துத்தான் செய்யணும்.

வயர். ஒன்றரை மீற்றர் தேவையில்ல, பிரீஆம்ப டெக்குக்குப் பின்னால கொண்டு வந்து 60 சென்ரிமீற்றர் வயர் போடுங்க. நீளமான வயர பிரீஆம்புக்கும் அம்புக்கும் இடையில பாவிங்க, அங்க கப்பாசிட்டன்ஸ் பெரிசா ஒண்டும் செய்யாது. உங்கட டெக்கில வயர் பிளக்கில கழட்டுற மாதிரியா, உள்ளயே சோல்டர் பண்ணினதா எண்டு பாருங்க. சொந்தமா வயர் செய்யிற எண்டா சிசிடிவிக்குப் பாவிக்கிற ஆர்ஜி-59 கேபிள் நல்லம். மீற்றருக்கு 67 பிகோபாரட்தான், 60 சென்ரிமீற்றருக்கு 40. பின்னல் செம்பா எண்டு பாத்து வாங்குங்க. டிஷ் டிவிக்கு வாற ஆர்ஜி-6 இன்னும் குறைவு, ஆனா அதில கனத்துக்குப் பின்னல் அலுமினியம், ஈயம் பிடிக்காது. தடிப்பும் கூட, இலகுவான டெக்க அதுவே இழுத்துச் சரிச்சிடும்.

வயர மட்டும் மாத்தினா ஆம் வயர் 55 எண்டு வெச்சுக்கொண்டாலும் 55, 40, 220 கூட்ட 315. இன்னும் கூடத்தான். அதால பிரீஆம்பில உள்ள 220 ரெண்டையும் கழட்டி 47 போடுங்க. மொத்தம் 142 வரும். முழுசாக் கழட்டி வெறுமையா விடாதீங்க. கிட்ட போன் கோபுரம் இருந்தா "டிக்டிக்டிக்" எண்டு ஸ்பீக்கரில வரும், அந்தக் குட்டிக் கப்பாசிட்டர்தான் அதுக்குக் காவல். போடுறது என்பிஓ வகையா இருக்கணும், வட்டச் செரமிக்கில தலையில கறுப்பு மை தொட்டிருக்கும். மற்ற வகைச் செரமிக் சூட்டுக்கும் வோல்டேஜுக்கும் அளவு மாறும். கல்முனையில ரேடியோ திருத்துற கடையில கிடைக்காட்டி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எடுக்கலாம். பொலிஸ்ரைரீனும் நல்லம், ஆனா சூட்டுக்கோல் ரெண்டு செக்கன் கூட நிண்டா உருகிடும்.

மட்டு_45 (மட்டக்களப்பு)

ஈயம் பிடிக்கத் தெரியாதவங்க என்ன செய்யிற? 100 கிலோ ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ட ஆர்சிஏ ஒய் பிளக்கில குறுக்க போட்டாக் கீச்சு அடங்கும் எண்டு கேள்வி.

வாவிமீன்

அடங்கும், ஆனா விலை உண்டு. 47க்குக் குறுக்க 100 போட்டா லோட் 32 கிலோ ஓம்ஸ் ஆகும். 470 பிகோபாரட்டிலயும் தூக்கல் 1 டெசிபலுக்குக் கீழ வந்திடும். ஆனா 15 ஆயிரத்தில 6 டெசிபல் போயிரும், சிம்பல்ட மினுக்கம் செத்திரும். வயரச் சுருக்க வழியில்லாதவங்களுக்கு மட்டும். ஈயம் பிடிக்கத் தெரியாட்டி பின்னால 100, 200 பிகோபாரட் எண்டு சுவிட்ச் வெச்ச பிரீஆம்ப்பாத் தேடுங்க. அதுக்குக் காசு குடுக்கிறதில நியாயமிருக்கு.

மட்டு_45

அப்ப இன்னொண்டு. ஓர்டோபோன் 2எம் ரெட் 700 மில்லிஹென்றி, விஎம்95இ-ய விடக் கூட. அதுக்குக் கம்பனி 150 தொடக்கம் 300 பிகோபாரட் எண்டு போடுது. 300 எண்டா உங்கட கணக்கில 11 ஆயிரத்தில தூக்கணுமே. அது மட்டும் எப்பிடிச் சரியாகும்?

வாவிமீன்

சரியான இடத்தில பிடிச்சீங்க. நான் போட்டது கரண்ட் பக்கத்துக் கணக்கு மட்டும். ஊசியும் அதத் தாங்குற கம்பியும் தங்கட பாட்டுக்கு மேல் அதிர்வெண்ணில ஒரு ஏற்ற இறக்கம் வெச்சிருக்கும். சில கம்பனிக்காரன் அந்த இறக்கத்தக் கொயில்ட தூக்கலால நிரப்புவான், சிலர் ரெண்டையும் தள்ளித் தள்ளி வைப்பாங்க. அதால ஒரு காட்ரிட்ஜ்ட எண்ண மற்றதுக்குப் போட ஏலாது. கம்பனித் தாள்ல உள்ள வரம்புதான் முதல். கணக்கு எதுக்கெண்டா, வரம்ப விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கமெண்டு பாக்க.

தலைகீழாயும் நடக்கும். ஷுவர் எம்97எக்ஸ்இ இன்னும் கனபேர்ட கையில இருக்கு, கம்பனி 2018இல காட்ரிட்ஜ் செய்யிறத விட்டாலும். அதுக்கு 200 தொடக்கம் 300. அத 100இல போட்டா மப்படிச்ச மாதிரிக் கேக்கும், அப்ப கப்பாசிட்டரக் கூட்டணும். கிராடோ போல 45 மில்லிஹென்றிக் கொயில் எண்டா இந்தத் தலையிடியே இல்ல, எந்த வயரையும் போடலாம். ஆனா அதுக்குக் கவசம் குறைவு, டெக் மோட்டர்ட இரைச்சலப் பிடிக்கும்.

கல்லோயா (அம்பாறை)

நானும் இடையில வாறன். டெனோன் டிஎல்-103 ஒண்டு கைக்கு வந்திருக்கு. மேல சொன்ன அதே 40 டெசிபல் பிரீஆம்பில போட்டாச் சத்தமே இல்ல, வொல்யூமத் திறந்தா "உஸ்" எண்டுது. இதுக்கும் பிகோபாரட்டா?

வாவிமீன்

இல்ல, இது கெயின், எத்தினை மடங்கு பெருப்பிக்குது எண்ட அளவு. டிஎல்-103 மூவிங் கொயில் (எம்சி), காந்தத்துக்குப் பதிலாக் கொயில் அசையிற வேற சாதி.

விஎம்95இ தாறது 4 மில்லிவோல்ட். 40 டெசிபல் எண்டா 100 மடங்கு, அப்ப அம்புக்கு 400 மில்லிவோல்ட் போகும், தாராளம். டிஎல்-103 தாறது 0.3 மில்லிவோல்ட். அதே 100 மடங்கில 30 மில்லிவோல்ட்தான். குறைஞ்சது 60 டெசிபல், அதாவது 1,000 மடங்கு வேணும். லோடும் வேற: இதிட சொந்தத் தடை 40 ஓம்ஸ், கம்பனி கேக்கிறது 100 ஓம்ஸோ அதுக்கு மேலயோ. இவ்வளவு சின்னக் கொயிலுக்கு 200 பிகோபாரட்டும் ஒண்டுதான் 400உம் ஒண்டுதான்.

வழி ரெண்டு. எம்சி எண்டு சுவிட்ச் உள்ள பிரீஆம்ப் எடுத்து 60 டெசிபல், 100 ஓம்ஸ் எண்டு வைங்க. இல்லாட்டி இருக்கிற பிரீஆம்புக்கு முன்னால ஸ்டெப்-அப் டிரான்ஸ்போமர் போடுங்க. அதில 1:10 எண்டு எடுத்தா வோல்டேஜ் 10 மடங்கு கூடும், லோட் 10இன் வர்க்கத்தால, 100ஆல பிரியும். 47 கிலோ ஓம்ஸ் காட்ரிட்ஜ்ட கண்ணுக்கு 470 ஓம்ஸாத் தெரியும். 40 ஓம்ஸ் காட்ரிட்ஜுக்கு நல்ல பொருத்தம், பிரீஆம்புக்கு 2.8 மில்லிவோல்ட் போகும். 1:20 எடுத்தா லோட் 117 ஓம்ஸுக்கு விழும். ரெட்டிப்பு வருமெண்டு நினைப்பீங்க, ஆனா இறங்கின லோடில கொஞ்சம் போய் 4.5 மில்லிவோல்ட்தான் நிக்கும். 1:30க்கெல்லாம் போகாதீங்க, லோட் 52 ஓம்ஸ், பாஸும் மேல் சுருதியும் சோர்ந்து போகும்.

டிரான்ஸ்போமர அம்ப்ட பவர் டிரான்ஸ்போமருக்குப் பக்கத்தில வைக்காதீங்க. அரை மீற்றராவது தள்ளி, பாட்டப் போடாம வொல்யூமத் திறந்து மெல்லச் சுத்திப் பாருங்க. ஒரு கோணத்தில இரைச்சல் தானா விழும், அங்க ஒட்டி விடுங்க.

சூட்டுக்கோல்

ஒரு எச்சரிக்கை. மூவிங் கொயில் காட்ரிட்ஜ மல்டிமீட்டர்ட ஓம்ஸ் ரேஞ்சில அளக்க வேணாம். மீட்டர் விடுற கரண்ட் அந்தக் கொயிலுக்குக் கூட.

கெயின் கூடினாலும் பிழைக்கும். டிஜேமார் பாவிக்கிற ஷுவர் எம்44-7 தாறது 9.5 மில்லிவோல்ட். சத்தமா வெட்டின தட்டில இதிட அஞ்சு மடங்கு வரும், 47 மில்லிவோல்ட். 40 டெசிபல் தாண்டி வெளிய 4.7 வோல்ட் வேணும். 9 வோல்ட் பற்றரியில ஓடுற பிரீஆம்ப் அங்க போகமுதலே தலையில முட்டிடும். மேளம் விழுற நேரம் மட்டும் கரகரத்தா ஊசியச் சந்தேகப்படுறாங்க, பிரீஆம்ப்ட ஓவர்லோட் எண்ண (வாசல் தாங்குற உச்ச வோல்டேஜ்) பாக்கிறதில்ல.

அக்கரை_ரெக்கோட் (அக்கரைப்பற்று)

சூட்டுக்கோல் காக்கா, ஸ்பீக்கர் கட்டுறவங்களிட்ட கிடந்த பழைய கரார்ட் டெக். காட்ரிட்ஜில எல்பி தட்டுக்கு ஊசி ஒரு பக்கம், பழைய 78 தட்டுக்கு ஒரு பக்கம், திருப்பிப் போடுறது. போனோ பிரீஆம்பில குடுத்தா பாஸே இல்ல, தகரத்தில தட்டின மாதிரிக் கேக்குது. பிரீஆம்ப் பிழையா?

சூட்டுக்கோல்

பிரீஆம்பே வேணாம் தம்பி. அது கிரிஸ்டலோ செரமிக்கோ, கொயில் இல்லாதது. 100 மில்லிவோல்ட்டுக்கு மேல தானாவே தரும், சமப்படுத்தலும் ஏறக்குறைய அதுக்குள்ளேயே நடந்திடும். போனோ பிரீஆம்ப் ஆர்ஐஏஏ வளைவின்படி (தட்டு வெட்டேக்க குறைச்ச பாஸத் திருப்பிக் கூட்டுற விதி) 20 ஹேர்ட்ஸில 19 டெசிபல் கூட்டி, 20 ஆயிரத்தில அதேயளவு குறைக்கும். உங்களுக்கு அது தேவையில்லாத வேலை.

பாஸ் போற காரணம் லோட். செரமிக் துண்டு 800 பிகோபாரட் கப்பாசிட்டர் எண்டு வைங்க. 47 கிலோ ஓம்ஸில போட்டா 4,200 ஹேர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் வடிஞ்சிரும். 1 மெகா ஓம்ஸ் எண்டா 200 ஹேர்ட்ஸ் வரை கேக்கும், 2.2 மெகா எண்டா 90 வரை. ஒரு டிஎல்072 ஐசி, வாசலில இருந்து கிரவுண்டுக்கு 2.2 மெகா ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒண்டு, கெயின் 1 மடங்குதான். வெளிய வாறத அம்ப்ட ஓக்ஸ் வாசலில குடுங்க. ரெண்டு 9 வோல்ட் பற்றரி போதும், அடாப்டர் இரைச்சலும் இல்ல.

அதுக்கு முதல் காட்ரிட்ஜ் உயிரோடயா எண்டு பாருங்க. பழைய கிரிஸ்டல் ரோஷெல் உப்பால செய்தது, ஈரத்த உறிஞ்சிக் கரையும். கடலும் வாவியும் சூழ்ந்த நம்மட பக்கத்தில அது அலுமாரிக்குள்ளேயே செத்திருக்கும். ஒரு பக்கம் சத்தம் மெலிஞ்சு மூக்கால பாடுற மாதிரிக் கேட்டா சரிசெய்ய ஏலாது, செரமிக் ஒண்டு தேடிப் போடுறதுதான். எல்பிய 78 ஊசியால ஓட்டிடாதீங்க, 78 ஊசி 3 மில் (ஒரு மில் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு), எல்பிக்கு 0.7 மில். பள்ளத்துக்கு மேலயே சறுக்கும், தட்டும் போகும்.

மட்டு_45

இரைச்சலப் பற்றியும் யாராவது எழுதுங்க. டெக்கிட சின்னப் பச்சை வயர சுவர்ல உள்ள எர்த்தில குடுக்கலாமா?

வாவிமீன்

குடுக்காதீங்க. அது பிரீஆம்பிட பின்னால உள்ள திருகாணிக்கு மட்டும். சுவர் எர்த் ஒருபக்கம், அம்ப் ஊடா வாற எர்த் இன்னொருபக்கம் எண்டா வளையம் பூட்டி 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் அதிலதான் பிறக்கும். அம்பில டிவியோ லப்டொப்போ கொழுவியிருந்தா முதல் அதக் கழட்டிப் பாருங்க.

பச்சை வயர் சரியாயிருந்தும் இரைஞ்சா, பிரீஆம்பில டெக் வயர் ரெண்டையும் கழட்டுங்க. இரைச்சல் நிண்டா பிழை டெக் பக்கம், நிக்காட்டி அடாப்டர் அல்லது அம்ப் பக்கம். டெக் பக்கமெண்டு தெரிஞ்சா ஹெட்ஷெல் வயர்களப் பாருங்க: வெள்ளை இடம், நீலம் இடத்துக் கிரவுண்ட், சிவப்பு வலம், பச்சை வலத்துக் கிரவுண்ட். உப்புக்காத்தில அந்தக் குட்டிக் கிளிப்கள் பச்சை பிடிச்சு ஒரு பக்கம் விட்டு விட்டு வரும். காட்ரிட்ஜ் ஊசிகள்ல இருந்து கிளிப்பக் குறட்டால இழுத்து, கொண்டாக்ட் கிளீனர் தொட்ட பஞ்சால துடைச்சுத் திருப்பிப் பூட்டுங்க. காட்ரிட்ஜ் ஊசியில நேர ஈயம் வைக்காதீங்க, சூடு உள்ள போய் கொயில் அறும்.

கல்லடிக்காத்து

47 போட்டு வயரையும் சுருக்கியாச்சு. "ஸ" அடங்கிட்டு, வயலின் வயலினாக் கேக்குது. நன்றி வாவிமீன் அண்ணே, சூட்டுக்கோல் காக்கா. ஒண்டு மட்டும்: பிரீஆம்ப்ட அடாப்டர் நல்லாச் சூடாகுது. வீட்டில 12 வோல்ட் ரூட்டர் அடாப்டர் ஒண்டு கிடக்கு, பிளக்கும் பொருந்துது. போடலாமா?

சூட்டுக்கோல்

பிளக் பொருந்துறது ஒரு காரணமே இல்ல. சில பிரீஆம்புக்கு ஏசி அடாப்டர், சிலதுக்கு டிசி. டிசி எண்டாலும் நடு ஊசி பிளஸா மைனஸா எண்டு பாக்கணும், மாறினா ஐசி அந்தச் செக்கனே போகும். ரூட்டர் அடாப்டர் சுவிட்சிங் வகை, வேலை செய்தாலும் மெல்லிய கீச்சு ஒண்டு பின்னணியில வர இடமிருக்கு. டிரான்ஸ்போமர் உள்ள பழைய அடாப்டர் கொஞ்சம் சூடாகிறது வழமை, கையில பிடிக்க ஏலாத சூடெண்டாத்தான் மாத்தணும். ரெண்டு அடாப்டர்டயும் முதுகில எழுதியிருக்கிறத அப்பிடியே இங்க போடுங்க, பிரீஆம்ப்ட பின்பக்கத்துப் படமும் வேணும். பாத்துச் சொல்லுறன்.